காணாமல் போன மூன்று

உங்களுக்கு எண்ணத் தெரியுமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். காரணமாகத்தான் கேட்கிறேன். பி.கே.ஜிப் என்று ஒரு மென்பொருள். 1989ல் பிறந்தது. பெரிய கோப்புகளை அமுக்கிச் சின்னதாக்கி, ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிற சமாசாரம். இன்றைக்கு நீங்கள் மின்னஞ்சலில் அனுப்புகிற ஜிப் ஃபைலுக்குத் தாய்வீடு அதுதான். அதன் பதிப்பு எண்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஒன்றில் தொடங்குகிற பதிப்புகள் வந்தன. இரண்டில் தொடங்குகிறவை வந்தன. அதற்குப் பிறகு நேராக நான்கு. மூன்று கிடையாது.

நான் பி.காம். படித்தவன். வவுச்சர் வரிசையில் ஒரு நம்பர் விட்டுப்போயிருந்தால் ஆடிட்டர் முதலில் அங்கேதான் விரல் வைப்பார் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விட்டுப்போன நம்பருக்குப் பின்னால் எப்பவும் ஒரு கதை இருக்கும். இதிலும் இருக்கிறது. அந்த மூன்றாம் எண்ணை ஒரு திருடன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். சொந்தக்காரர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

கதை இன்டர்நெட்டுக்கு முந்தையது. அதாவது, நாம் இன்டர்நெட் என்று சொல்லுகிற விஷயம் பொதுஜனத்தின் வீட்டுக்கு வருவதற்கு முந்தையது.

1978 ஜனவரி. சிகாகோவில் பேய்த்தனமான பனிப்புயல். வெளியே கால் வைக்க முடியாமல் வீட்டில் அடைந்துகிடந்த வார்டு கிறிஸ்டென்சன் என்பவர் தன் சிநேகிதர் ராண்டி சூஸுக்கு போன் போட்டு ஒரு யோசனை சொன்னார். நம் கம்ப்யூட்டர் கிளப்பில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறதல்லவா, குண்டூசியில் சீட்டு குத்தி வைப்பது? அதையே ஒரு கம்ப்யூட்டரில் செய்தால் என்ன? போன் போட்டு, மோடம் வழியாக உள்ளே வந்து, யாராவது எழுதியதைப் படித்து, நாமும் எழுதிவிட்டுப் போகலாமே?

பிப்ரவரி 16ம் தேதி அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது. புல்லட்டின் போர்டு என்று பெயர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். அடுத்தவர் கூப்பிட்டால் எங்கேஜ்டு டோன்.

எண்பதுகளில் அமெரிக்கா முழுக்க இந்தப் போர்டுகள் முளைத்தன. யாரோ ஒருவர் வீட்டு மாடி அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், தனியாக ஒரு டெலிபோன் லைன். நடத்துகிறவருக்கு சிஸாப் என்று பெயர். அநேகமாகச் சம்பளமில்லாத உத்தியோகம். கைக்காசைப் போட்டுத்தான் நடத்துவார். வந்து போகிறவர்கள் கடிதம் எழுதுவார்கள், சண்டை போடுவார்கள். முக்கியமாக, மென்பொருள்களை ஏற்றுவார்கள், இறக்குவார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

வெறுமனே இறக்கிக்கொண்டே இருந்தால் சிஸாப் விட மாட்டார். பல போர்டுகளில் ஒரு விகிதாசாரக் கணக்கு உண்டு. இத்தனை இறக்க வேண்டுமென்றால் இத்தனையாவது ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்குச் சரக்கு எங்கே போவது? அடுத்த போர்டில் இறக்கியதை இந்தப் போர்டில் ஏற்றுவது. அதிலும் பழைய சரக்குக்கு மதிப்பில்லை. புதுப் பதிப்பு வேண்டும். நேற்றுவரை 5.12 இருந்ததா, இன்றைக்கு 5.13 வந்திருக்கிறது, முதலில் கொண்டுவந்தவன் நான். ஊரில் ஒரு வாரத்துக்கு அவன்தான் ஹீரோ.

ஆக, புதிய பதிப்பு என்று பெயர் வைத்த எதுவும் தானாகவே பரவும். வைரஸ் என்றால் தன்னைத்தானே பிரதியெடுத்துக்கொண்டு நகரும். இது அதுகூட இல்லை. இதற்குக் கால் கிடையாது. ஜனங்களே தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். ட்ராய் நகரத்து மரக்குதிரையின் பெயரை இதற்கு வைத்தது ரொம்பப் பொருத்தம். அங்கேயும் ஊர்க்காரர்கள்தானே இழுத்துக்கொண்டு போனார்கள்?

அந்த 5.13 நான் சும்மா உதாரணத்துக்குச் சொன்ன நம்பர் இல்லை. நிஜம். பி.கே.ஜிப்புக்கு முன்னால் புல்லட்டின் போர்டுகளை ஆண்டுகொண்டிருந்தது ஏ.ஆர்.சி. என்ற மென்பொருள். நியூ ஜெர்சியில் தாம் ஹெண்டர்சன் என்பவருடைய சின்ன கம்பெனியின் தயாரிப்பு. நிஜப் பதிப்பு 5.12ல் இருந்தபோது 5.13 என்று ஒன்று வந்து சேர்ந்தது. ஆசையாக இறக்கினார்கள். பார்ப்பதற்கு ஒரிஜினல் மாதிரியே இருந்தது. ஆனால் ஓட்டிய மாத்திரத்தில் ஹார்ட் டிஸ்கின் முதல் தடத்தின்மேல் எதையோ எழுதிவிட்டது.

முதல் தடம் என்றால் சும்மா இல்லை. டிஸ்கில் எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்கிற பட்டியல் அந்தப் பக்கம்தான் இருக்கும். ஒரு நூலகத்தில் புத்தகங்களை எரிக்க வேண்டாம். அட்டவணையைக் கிழித்துவிட்டு, முதுகில் ஒட்டிய சீட்டுகளையும் பிய்த்துவிட்டால் போதும். புத்தகமெல்லாம் அங்கேயே இருக்கும். ஒன்றையும் எடுக்க முடியாது.

காப்புப் பிரதி வைத்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க் 20 மெகாபைட். ஒரு ஃப்ளாப்பியில் 360 கிலோபைட் பிடிக்கும். முழு டிஸ்கையும் பிரதியெடுக்க 57 ஃப்ளாப்பி வேண்டும். ஒவ்வொன்றாகச் செருகி, காத்திருந்து, வெளியே எடுத்து, லேபிள் எழுதி... யார் செய்வார்? நாளைக்குச் செய்யலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானாயிருந்தாலும் அப்படித்தான்.

சில குதிரைகளுக்கு வாய்த்துடுக்கு வேறு. ஐ.பி.எம். 1984ல் கொண்டுவந்த இ.ஜி.ஏ. என்ற வண்ணத்திரை வசதியை மேம்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒன்று வந்தது. இறக்கி ஓட்டினால் கைக்கெட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, திரையில் நாய் மாதிரி குரைத்து, மாட்டிக்கொண்டாயா என்று கேட்கும். இன்னொன்று பாடகி மடோனாவின் படத்தைக் காட்டும். நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் அழிப்பு வேலை நடக்கும். முடிந்ததும், ராக் ஸ்டார் வீடியோவை இறக்கப் போனாயே, நீ ஒரு முட்டாள் என்று சர்டிஃபிகேட்டும் தந்துவிடும்.

இதில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்றுதான். காசு கிடையாது. இன்றைய கள்ள மென்பொருள்காரனுக்கு ஒரு வியாபார புத்தியாவது இருக்கிறது. டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பான், பாஸ்வேர்டைத் திருடி விற்பான். அன்றைக்குச் செய்தவனுக்கு ஒரு சல்லி வரவு இல்லை. யார் அழுதார்கள் என்று பார்ப்பதற்குக்கூட அவன் அங்கே இருக்க மாட்டான். லாப நஷ்டக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் எழுத முடியாத குற்றம்.

1985ல் டாம் நெஃப் என்பவர் இப்படிப்பட்ட கோப்புகளின் பெயர்களைத் தொகுத்து ஒரு பட்டியல் போட்டார். பொல்லாத பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்ட்டி டஜன். போர்டு போர்டாக அதை ஏற்றினார்கள். பிறகு எரிக் நியூஹவுஸ் என்பவர் பொறுப்பெடுத்துக்கொண்டு வளர்த்தார். திருட்டுப் பிரதிகளையும் சேர்த்துக்கொண்டதில், சில ஆண்டுகளிலேயே பட்டியல் நூறைத் தாண்டிவிட்டது. பெயர் மட்டும் டஜன்.

இன்னொரு பக்கம் காவல் மென்பொருள்கள் வரத் தொடங்கின. ஆண்டி ஹாப்கின்ஸ் என்பவர் எழுதியது ஒன்று, செக் ஃபார் பாம். சந்தேகத்துக்குரிய கோப்பை ஓட்டாமலேயே அதன் வயிற்றுக்குள் இருக்கிற வாசகங்களைத் துழாவி எடுத்துக் காட்டும். மாட்டிக்கொண்டாயா என்று உள்ளே எழுதியிருந்தால் இது என்ன வகை என்று தெரிந்துபோகும் அல்லவா? எளிமையான, நல்ல யோசனை.

திருடன் சும்மா இருப்பானா?

நோட்ரோஜ் என்று ஒரு மென்பொருள் வந்தது. பெயரே சொல்கிறது, குதிரைக்கு இடமில்லை என்று. உங்கள் டிஸ்கை நான் காவல் காக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்துகொள்ளும். டிஸ்க் பாதிக்குமேல் நிரம்பும்வரை சாதுவாக இருக்கும். நிரம்பியதும், வேறு ஏதோ ஒரு மென்பொருள் உங்கள் டிஸ்கை அழிக்கப் பார்க்கிறது, என்னால் தடுக்க முடியவில்லை என்று அலறும். அலறிக்கொண்டே அதுவே அழித்துவிடும். கூர்க்காவே விசிலடித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்வதைப் போல.

ஆனால் ராஸ் கிரீன்பெர்க்குக்கு நடந்ததுதான் உச்சம்.

கிரீன்பெர்க், நியூயார்க்கில் இருந்த புரோகிராமர். சொந்தமாக ஒரு போர்டு நடத்திவந்தார். குதிரைகளின் அட்டகாசம் பொறுக்க முடியாமல் ஃப்ளூஷாட் என்று ஒரு காவல் மென்பொருள் எழுதினார். சளிக்காய்ச்சல் தடுப்பூசி என்று அர்த்தம். நினைவகத்தில் ஒரு ஓரமாகக் குந்தியிருக்கும். எந்த மென்பொருளாவது டிஸ்கின் முக்கியமான இடங்களில் கைவைக்கப் பார்த்தால் குறுக்கே புகுந்து, இவன் இன்ன காரியம் செய்யப் போகிறான், விடலாமா கூடாதா என்று உங்களைக் கேட்கும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கேள்வி கேட்பதுதான் வித்தை.

கிரீன்பெர்க் கோபக்காரர். மென்பொருளோடு கூடவே, குதிரை செய்கிறவர்களுக்கு ஒரு சவால் கடிதமும் எழுதிச் சேர்த்துவிட்டார். அவர்களைப் புழு என்று கூப்பிட்டார். முடிந்தால் என் போர்டில் வந்து ஏற்றிப் பார் என்றார். இப்படிப் பொது இடத்தில் தொடை தட்டுவது புத்திசாலித்தனமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் படிக்கிறபோது மனிதர்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

பதில் வந்தது. அவருடைய போர்டுக்கு இல்லை. ஃப்ளூஷாட் மூன்றாம் பதிப்பு புழக்கத்தில் இருந்தபோது, மற்ற போர்டுகளில் எல்லாம் ஃப்ளூஷாட் 4 என்று ஒன்று முளைத்தது. அவர் எழுதவே இல்லாத நான்கு. அதற்குள்ளே குதிரை. யார் இறக்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அசட்டையான ஆட்கள் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை பயந்தவர்கள், எச்சரிக்கையானவர்கள், பாதுகாப்பைத் தினம் தினம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற ஒழுங்கான பிரஜைகள். அவர்களைக் குறிவைத்து அடித்தது அது.

கிரீன்பெர்க் என்ன செய்ய முடியும்? அடுத்து ஐந்து என்று வெளியிட்டால் நான்கைத் தேடிக்கொண்டு சிலர் போவார்கள். நான்கு என்று வெளியிட்டால் எது யாருடைய நான்கு? கடைசியில் எண்ணையே விட்டுவிட்டார். ஃப்ளூஷாட் ப்ளஸ் என்று பெயரை மாற்றி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். 1988 மே மாதத்து எச்சரிக்கையைப் பார்த்தால், ஃப்ளூஷாட் ப்ளஸ் 1.1தான் சரியானது, நான்கு என்று இருப்பதைத் தொடாதீர்கள் என்றிருக்கிறது. சொந்தப் பிள்ளையின் பெயரை மாற்ற வேண்டிய நிலைமை.

இப்போது பி.கே.ஜிப்புக்கு வருவோம். பி.கே. என்றால் ஃபில் காட்ஸ். விஸ்கான்சின் மாகாணத்து மில்வாக்கிக்காரர். கெட்டிக்காரர், ஒட்டாத மனிதர். வீட்டில் அம்மாவுடைய சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஆரம்பித்த கம்பெனி, பி.கே.வேர். முதலில் ஏ.ஆர்.சி.யைவிட வேகமாக ஓடுகிற ஒன்றைச் செய்தார். ஹெண்டர்சன் 1988ல் கோர்ட்டுக்கு இழுத்தார். சமரசம் ஆனது. காட்ஸ் புதிதாகச் சொந்த முறை ஒன்றை உருவாக்கி 1989ல் ஜிப் என்று வெளியிட்டார். வழக்கில் போர்டுக்காரர்களின் அனுதாபமெல்லாம் காட்ஸ் பக்கம். கொஞ்ச நாளில் எங்கு பார்த்தாலும் ஜிப்.

(ஹெண்டர்சன் தரப்பில் நியாயம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். அதை இன்னொரு வாரம் சண்டை போடலாம்.)

1990ல் பி.கே.ஜிப் 1.10 வந்தது. அதற்குப் பிறகு, ஒன்றும் வரவில்லை. 1991ல் 1.93 என்று ஒரு பரிசோதனைப் பதிப்பு மட்டும் காட்டினார்கள். முழுப் பதிப்பு இதோ வருகிறது, அதோ வருகிறது என்றே இரண்டரை வருஷத்துக்குமேல் ஓடிவிட்டது. உலகமே கையில் 1.10 வைத்துக்கொண்டு 2.00க்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறது. கள்ளச்சரக்குக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

1992ல் இரண்டு வந்தன. 2.01 என்று ஒன்று. 2.2 என்று இன்னொன்று. முதலாவது, அந்த 1.93 பரிசோதனைப் பதிப்பையே எடுத்துக் கைவேலை காட்டி நம்பரை மாற்றியது. இரண்டாவது சுத்த அயோக்கியத்தனம். உள்ளே மென்பொருளே கிடையாது. சி டிரைவில் இருப்பதை அழி என்று டாஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு பேட்ச் ஃபைல். பத்து நிமிஷத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுதிவிடலாம்.

விஷயம் அரசாங்கம்வரை போயிற்று. அமெரிக்க எரிசக்தித் துறைக்காக லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் சி.ஐ.ஏ.சி. என்று கம்ப்யூட்டர் பாதுகாப்புக் குழு ஒன்று இருந்தது. அணுகுண்டு ஆராய்ச்சி நடக்கிற இடம். அவர்கள் உட்கார்ந்து பி.கே.ஜிப்புக்காக எச்சரிக்கை வெளியிட்டார்கள். 2.01 என்றோ 2.2 என்றோ நாங்கள் எப்போதும் எதையும் வெளியிடவே மாட்டோம் என்று பி.கே.வேர் வாக்குக் கொடுத்தது. கவனியுங்கள். கள்ளனைப் பிடிக்க முடியவில்லை. அவன் உட்கார்ந்த நாற்காலியை எரித்துவிட்டார்கள்.

1992 டிசம்பர் கடைசியில் நிஜமான இரண்டு வந்தபோது அதன் எண் 2.04சி. அதிலே சில பிழைகள். திருத்தித் திருத்தி, 1993 பிப்ரவரி முதல் தேதி 2.04ஜி வந்து நின்றது. ரொம்ப காலம் உலகத்தின் பி.கே.ஜிப் என்றால் அதுதான். நம்மூரில் தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் தொட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். போர்டும் மோடமும் நமக்கு ஏது? ஃப்ளாப்பியில் கைமாறி வந்தது.

உண்மை எது, போலி எது என்று காட்டத் தயாரிப்பாளர்கள் முத்திரை குத்திப் பார்க்காமல் இல்லை. ஜான் மெக்காஃபி தன் வைரஸ் ஸ்கேனோடு வேலிடேட் என்று ஒரு குட்டி மென்பொருளைத் தந்தார். கோப்பில் உள்ளதையெல்லாம் ஒரு விதமாகக் கூட்டிக் கழித்து இரண்டு எண்கள் சொல்லும். பேரேட்டின் அடியில் கூட்டுத்தொகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் தொகை மாறும். சரியான தொகை என்ன என்று எங்கே எழுதியிருக்கும்? கூடவே வருகிற விளக்கக் குறிப்பில். குறிப்பையும் சேர்த்து மாற்றத் தெரிந்தவனை என்ன செய்வது? அவருடைய போர்டுக்கே போன் போட்டுச் சரிபார்த்தால்தான் உண்டு. காட்ஸ் வேறு வழியில் போனார். ஜிப் மூட்டையைப் பிரிக்கும்போதே, இது அசல்தான் என்று திரையில் ஒரு முத்திரை வாசகம் வரும்படி செய்தார். முத்திரையைப் போலியாகக் குத்தும் கருவியையே செய்துவிட்டார்கள்.

1995ல்தான் நம் மூன்று.

பி.கே.ஜிப் 3.0, பீட்டா பதிப்பு என்று போர்டுகளிலும் இன்டர்நெட்டிலும் ஒரு கோப்பு தென்பட்டது. ஓட்டினால் டிஸ்கை அழிக்கப் பார்க்கும். பி.கே.வேர் உடனே மறுத்தது, எச்சரித்தது. உண்மையில் அது அதிகம் பரவவில்லை. நேரில் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. பழைய கணக்குப்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அதற்குள் மின்னஞ்சல் வந்துவிட்டதே? எச்சரிக்கை பரவத் தொடங்கியது. பி.கே.ஜிப் 3.0 கண்டால் தொடாதீர்கள், உங்கள் டிஸ்க் துடைத்துப் போட்டதுபோல் ஆகிவிடும், தெரிந்தவர் எல்லோருக்கும் இதை அனுப்புங்கள். போகிற போக்கில் யாரோ ஒருவர், 14.4க்கு மேற்பட்ட வேகமுள்ள மோடத்தையும் கெடுக்கும் என்று சேர்த்துவிட்டார். மோடத்தை எப்படிக் கெடுக்கும்? அதுவும் வேகமான மோடத்தை மட்டும்? கேட்பாரில்லை. குதிரை செத்து வருஷக்கணக்காகியும் எச்சரிக்கை உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்பு குதிரைக்காரனுக்காக ஜனங்கள் செய்த சுமைகூலி வேலையை இப்போது எச்சரிக்கைக்காகச் செய்தார்கள். லிவர்மோர்காரர்கள் மறுபடி உட்கார்ந்து, கோப்பு நிஜம்தான், ஆனால் யார் கண்ணிலும் படுவதில்லை, கடிதத்தை அனுப்புவதை நிறுத்துங்கள் என்று எழுத வேண்டிவந்தது.

இதற்கப்புறம் பி.கே.வேர் மூன்று என்று எதை வெளியிட்டாலும் யார் தொடுவார்கள்? 2.50, 2.60, 2.70 என்று இரண்டுக்குள்ளேயே ஜவ்வாக இழுத்தார்கள். பிறகு மூன்றைத் தாண்டி நான்கில் கால் வைத்தார்கள்.

ஃபில் காட்ஸ் 2000 ஏப்ரலில் மில்வாக்கியில் ஒரு மோட்டல் அறையில் இறந்துகிடந்தார். குடி. வயது 37. அவருடைய ஜிப்பை அவர் பூட்டிவைத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று முறையைத் திறந்துவிட்டிருந்தார். அதனால்தான் இன்றைக்கும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

அந்த எச்சரிக்கைக் கடிதம் தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கும் வந்தது. அனுப்பியவர் என்னோடு வேலை பார்த்த கணக்காளர். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற ஆசாமி. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தார். நீங்க 3.0 பார்த்திருக்கீங்களா சார் என்று கேட்டேன். இல்லை என்றார். அப்புறம் ஏன் அனுப்பினீங்க?

"ஒருவேளை நெஜமா இருந்துட்டா?"